ஆடா மாடா

தினேஷ்,

நீ கேட்ட டப்பா தயாராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பெங்களூர் திரும்பும்போது ஆம்பூர் ஹைவேயில் பிரியாணிக் கடை வாசலில் காரை நிறுத்துவதாகவும், நான் அங்கே கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றும் சொன்னாய். அந்தக் கடையிலிருந்து நம் வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் உனக்கு இல்லாததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. பெரிதாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிரியாணி சாப்பிட நேரமிருக்கிறது, பெற்றவர்கள் வீட்டுப் படி ஏற நேரமில்லை. குழந்தை தியாவுக்கு நம் ஊர் டேனரிகளின் தோல் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று போன தடவை சொன்னாய். உனக்கு இரண்டு வயதில் ஒத்துக்கொண்ட வாடைதான் அது. போகட்டும். டப்பாவோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். போனில் சொன்னால் 'சரிப்பா, அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் மூடினாலும் அது அங்கேயே கிடக்கும், என்றைக்காவது எடுப்பாய்.

சென்சரி பின் என்று நீ முதலில் சொன்னபோது எனக்குக் குண்டூசிதான் நினைவுக்கு வந்தது. நாலு வயசுக் குழந்தைக்கு எதற்கு ஊசி என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "அவன் இன்னா சொல்றான்னு மொதல்ல ஒழுங்கா காது குடுத்துக் கேளு" என்றாள். பிறகு நீதான் பொறுமையாக விளக்கினாய். அகலமான ஒரு டப்பா, அதில் தானியமோ மணலோ நிரப்பி, நடுநடுவே சாமான்களை ஒளித்துவைக்க வேண்டும். குழந்தை கையை விட்டுத் துழாவும், தடவும், முகர்ந்து பார்க்கும். விரல் வழியாகத்தான் அந்த வயதில் புத்தி வளருமாம். தியாவின் பள்ளிக்கூடத்தில் இந்த மாதம் 'தாத்தா ஊர்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் தாத்தா வீட்டுச் சாமான்களை ஒரு டப்பாவில் கொண்டுவந்து, அதைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். இவ்வளவும் எனக்குப் பிடித்திருந்தது. அதன் பிறகு நீ பட்டியல் அனுப்பினாய். நெல், கேழ்வரகு, புளியங்கொட்டை, வைக்கோல், சின்ன மண்பானை, மரத்தில் செய்த மாட்டு வண்டி. கடைசியில் ஒரு வரி தனியாக எழுதியிருந்தாய். 'தோல் துண்டு எதுவும் வேண்டாம்பா. ஸ்மெல் வரும்.'

அந்தப் பட்டியலை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாலு நாள் திரிந்தேன். நம் வீட்டில் நெல் எப்போது இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நாம் ரேஷன் அரிசி தின்று வளர்ந்த ஆட்கள். மாட்டு வண்டியில் நான் ஏறியதே இல்லை. மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் தோலைப் பற்றித்தான். அப்படியிருக்க இது யார் தாத்தாவின் ஊர் என்று உன்னிடம் கேட்க வேண்டும் என்றிருந்தேன். அதற்குள் சுகன்யா ஒரு வீடியோ அனுப்பினாள். தியாவுக்குத் தலையில் துண்டைக் கட்டிவிட்டு ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். "மை தாத்தா இஸ் அ ஃபார்மர். ஹி க்ரோஸ் ரைஸ்" என்று சொல்லிவிட்டு, பிள்ளை கையை வீசி விதைப்பதுபோல் காட்டுகிறது. மருமகள் பாவம், பெருமையாக நாலு பூப் படம் சேர்த்து அனுப்பியிருந்தாள். அவளுக்கு என்ன தெரியும். உன் அம்மா மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவை முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "எனக்குத் தெரியாம எங்கனா நெலம் கிலம் வாங்கி வெச்சிருக்கியா நீ?" என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னாள். அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

சர்க்கரை பார்க்க மாதம் ஒருமுறை வேலூர் போகிறேன் அல்லவா, அன்றைக்கு அப்படியே லாங் பஜாரில் உன் பட்டியலை முடித்துவிடலாம் என்று போனேன். மண்பானை கிடைத்தது. வண்டி கிடைத்தது, சக்கரம் பிளாஸ்டிக். நெல்தான் பேஜாராகிவிட்டது. அரிசி மண்டியில் கேட்டால் 'நெல்லெல்லாம் மில்லோட சரி' என்று சிரித்தார்கள். கடைசியில் ஒருவர் விதைக் கடைக்குக் கைகாட்டினார். அங்கே கல்லாவில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பிரித்த மூட்டையில் நெல் லேசாகச் சிவந்து, பார்க்க அழகாக இருந்தது. எத்தனை ஏக்கருக்கு என்று கேட்டார். கால் கிலோ போதும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விவசாயமா நீங்க?" என்றார். ஆமாம் என்றேன். இத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "கால் கிலோ வெச்சிக்கினு எங்க வெதைக்கப் போறீங்க?" என்றார். பேத்தி விளையாட, கையை விட்டுத் துழாவுவாள் என்றேன். அந்த அம்மா பையை வெடுக்கென்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "இன்னா பெரியவரே, வெத நெல்லுல மருந்து கலந்திருக்கும்னு தெரியாதா? செவப்பா கீதே, அது மருந்துதான். கொழந்த வாய்ல வெச்சா இன்னாவறது? விவசாயம்னு வேற சொல்றீங்க" என்றார். கடையில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அந்த அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, உள்ளே போய், வீட்டுக் கோழிக்கு வைத்திருந்த நெல்லில் இரண்டு படி அள்ளிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே, உன் பூர்விக நிலத்தில் விளைந்த நெல் என்று தியா தன் வகுப்பில் காட்டப்போவது லாங் பஜார்க் கோழித் தீவனம். கழுவிக் காயவைத்துத்தான் போட்டிருக்கிறேன், பயப்படாதே.

பஸ்ஸில் வரும்போது எனக்கு வேறொரு டப்பா ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை, அப்போது உனக்கு ஒன்றரை, இரண்டு வயது. உன் அம்மா வீட்டில் உட்கார்ந்து கம்பெனிக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உன்னைத் தரையில் விட்டால் நேராக ஊசிக்குப் போவாய், இல்லாவிட்டால் பசை டப்பாவில் கையை விடுவாய். அதனால் நான் கம்பெனியிலிருந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டி கொண்டுவந்து, அதில் வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளைப் பாதிவரை நிரப்பி, உன்னை உள்ளே உட்காரவைத்தேன். இதை நான் இனிப்பாகச் சொல்லவில்லை. வெயில் காலத்தில் உன் முதுகெல்லாம் வேர்க்குரு சிவந்துபோகும். குழந்தையைப் பெட்டியில் போட்டுவிட்டு வேலை செய்கிறோமே என்று உன் அம்மா தைத்துக்கொண்டே அழுதிருக்கிறாள். ஆனால் நீ அழமாட்டாய். ஒவ்வொரு துண்டாக எடுத்து, கன்னத்தில் தேய்த்து, முகர்ந்து, கடித்து, வரிசையாகப் பெட்டி விளிம்பில் அடுக்குவாய். நான் கம்பெனியில் பார்த்த வேலையும் அதுதானே. பதனிட்ட தோலை விரலால் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவன் நான். அப்பன் அங்கே செய்வதை மகன் இங்கே செய்கிறான் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

மூன்று வயதில் உன் கண்ணைத் துண்டால் கட்டி, கையில் ஒரு துண்டைக் கொடுத்து "ஆடா மாடா?" என்று கேட்பேன். கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு "ஆடு" என்பாய். அடுத்ததற்கு "மாடு" என்பாய். ஏமாற்றுவதற்காக நடுவில் தோல் போலவே இருக்கும் ஒரு ரெக்சின் துண்டை வைத்தால் தூக்கி எறிந்துவிட்டு, "ச்சீ, ரெக்சினு நைனா" என்பாய். ஷிஃப்ட் முடிந்து என்னோடு டீ குடிக்க வரும் தோஸ்துகளுக்கு இதுதான் சாயங்கால வேடிக்கை. பாஷா பாய் ஒருநாள் உன் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத்த மொதல்ல இன்சூரன்ஸ் பண்ணுபா" என்றார். இன்றைக்கு பெங்களூரில் பீஸ் கட்டி, ஆள் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களே, விரல் வழியாகப் புத்தி வளரும் என்று, அது உனக்கு ஆம்பூரில் ஓட்டுக் கூரைக்குக் கீழே வளர்ந்தது. அதை வளர்த்தவனும் நான்தான், பிறகு அதன் கழுத்தை நெரித்தவனும் நான்தான். இனிமேல் சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

உன்னை வேலூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அதற்காக முதலில் வேலூரில் வாடகை வீடு தேடினேன். ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து, சாவியைக் கையில் கொடுக்கும் நேரத்தில் "எங்க வேலை செய்றீங்க?" என்று கேட்டார்கள். டேனரியில் என்றேன். உள்ளே போய் வந்து, வீட்டை நேற்றே இன்னொருவருக்குச் சொல்லிவிட்டோம், மறந்துவிட்டோம் என்றார்கள். தோல் வேலை என்று சொன்னால் அவர்களுக்கு வேலை கேட்காது, பிறப்புத்தான் கேட்கும். அன்றைக்கே தீர்மானித்தேன், என் பிள்ளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்பவனுக்கு வேறு பதில் கிடைக்க வேண்டும் என்று. வீடு தேடுவதை விட்டேன், உன்னை ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டேன். ஒரு மாதம் உனக்குப் பாடம் நடந்தது. அப்பா என்ன பண்றார்? விவசாயம். என்ன பயிர்? நெல். நைனா என்று கூப்பிடக் கூடாது, அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். நீ கெட்டிக்காரன், எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாய். இன்டர்வியூ அன்று காலையில் உன் அம்மா என் கையில் எலுமிச்சம்பழம் தேய்த்து மூன்று தடவை கழுவினாள். வாடை போயிற்று. பதனிட்ட தோலிலிருந்து நகக்கண்ணில் ஏறியிருந்த நீலம் போகவில்லை. கையை மடித்து வைத்துக்கொள் என்றாள்.

தலைமை ஆசிரியை அறையில் நீ பிசகே இல்லாமல் சொன்னாய். விவசாயம் என்றாய், நெல் என்றாய், அவர் குட் பாய் என்றார். எழுந்து வரவேண்டியதுதான் பாக்கி. நீ உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியை அதுவரை தடவிக்கொண்டே இருந்திருக்கிறாய். திரும்பி என்னைப் பார்த்து, கெட்டியான குரலில், "நைனா, இது தோல் இல்ல, ரெக்சினு" என்றாய். அந்த அம்மையார் நாற்காலியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பிறகு என் நகங்களைப் பார்த்தார். சரி போய்வாருங்கள் என்றார். பஸ் ஸ்டாண்டுவரை உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அங்கே வந்ததும், அத்தனை ஜனத்துக்கு நடுவில் உன் கன்னத்தில் அறைந்தேன். "கைய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா? இனிமே தோலுன்ற வார்த்தை உன் வாய்ல வந்துச்சுன்னா பாரு" என்றேன். நீ அழவில்லை தினேஷ். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துக்கொண்டாய். அப்படியே ஆம்பூர்வரை நின்றுகொண்டு வந்தாய். இன்றுவரை போட்டோ என்றால் நீ அப்படித்தான் நிற்கிறாய், உன் கல்யாண ஆல்பத்தில் பார், மாலையும் கழுத்துமாக நிற்கிற மாப்பிள்ளை இரண்டு கையையும் பின்னால் கட்டியிருப்பான். போட்டோக்காரர் கையை முன்னால் கொண்டுவரச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் அந்த மண்டபத்தில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் பாலாற்றங்கரைக் குப்பையில் கொட்டினேன். அன்றோடு ஆடா மாடா முடிந்தது.

இடம் கிடைத்துவிட்டது. பொய் சொன்னதால் கிடைத்தது என்று நான் நம்பினேன், நீயும் நம்பினாய். அதனால் நாம் அதை விடவில்லை. நீ ஆறாம் வகுப்பில் 'எங்கள் வயல்' என்று கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினாய். ஆண்டு விழாவில் அதை மேடையில் வாசித்தாய். வாய்க்கால், வரப்பு, களத்துமேடு, செவலை என்று ஒரு மாடு, அது உன் கையை நக்கும், அதன் கண்ணில் உன் முகம் தெரியும். ஜனம் அப்படிக் கை தட்டியது. நானும் தட்டினேன். திரும்பும் பஸ்ஸில் உன் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பள்ளிகொண்டா தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள், "செவலைய எப்ப வித்தோம்?" என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன்னை வளர்க்க விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து வாங்கியவள் அவள். அந்தக் கட்டுரையில் மாடு இருந்தது, அவள் இல்லை.

இப்போது எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடமே போன வாரம்தான் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து டி.சி. வாங்கப் போனோம் அல்லவா, நீ வெளியே நண்பர்களோடு நின்றிருந்தாய். குமாஸ்தா பழைய கட்டைப் பிரித்து உன் சேர்க்கை விண்ணப்பத்தை மேஜைமேல் போட்டுவிட்டு, முத்திரை எடுக்கப் போனார். குனிந்து பார்த்தேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் எழுதியிருந்த விவசாயம் என்ற சொல்லின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அதற்கு மேலே அந்த அம்மையாரின் சின்னக் கையெழுத்தில், 'தோல் தொழிலாளி.' பக்கத்தில் அவருடைய இனிஷியல். கீழே, 'சேர்க்கலாம்.' எல்லாம் அந்த இன்டர்வியூ நாளின் தேதியில். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் இடம் கொடுத்திருக்கிறார். உன் கட்டுரைக்குப் பரிசு கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கியபோதும் அவருக்குத் தெரியும். குமாஸ்தா வந்து, "இன்னாங்க, எதுனா தப்பா இருக்குதா?" என்றார். "இல்லைங்க, சரியாத்தான் இருக்குது" என்றேன். வெளியே வந்தேன். நீ வந்து 'எல்லாம் முடிஞ்சுதாப்பா' என்று கேட்டாய். முடிந்தது என்றேன்.

அன்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் வேண்டியிருக்கவில்லை, பஸ் ஸ்டாண்டில் விழுந்த அந்த அடியும் வேண்டியிருக்கவில்லை என்று அங்கேயே சொல்லியிருந்தால் நீ வேறு ஆளாக ஆகியிருப்பாயோ என்னவோ. எனக்குத் துணிச்சல் வரவில்லை. பிள்ளைமுன் தோற்றுப்போவது அவ்வளவு சுலபமில்லை, நீயும் ஒருநாள் தெரிந்துகொள்வாய். பிறகு உன் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி எத்தனை ஏக்கர் என்று கேட்டபோது, நீ என்னைப் பார்த்தாய், நான் எல்லாம் விற்றாயிற்று என்றேன். இல்லாத நிலத்தை அன்று இருவரும் சேர்ந்து விற்றோம். அதோடு தொலைந்தது, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்றிருந்தேன். இப்போது நாலு வயதுக் குழந்தை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதில் விதைக்கிறது. உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வாடகை வீட்டு வாசலில் நின்றவன் நான். பயந்தேன், பொய் சொன்னேன். அதில் ஒரு நியாயமாவது இருந்தது. நீ சொந்த வீட்டில் இருக்கிறாய், உன்னை இன்று யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. தியாவிடம் யாரும் எதையும் கேட்கக்கூட இல்லை. கேட்பதற்கு முன்பே அவளுக்குப் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டாய். நான் உன்னை அடித்துச் சொல்லிக்கொடுத்தேன், நீ முத்தம் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிறாய், வித்தியாசம் அவ்வளவுதான். எனக்கு இதில் கோபம் இருக்கிறது. உன்மேல் எவ்வளவு, என்மேல் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

நேற்றுக் காலை டப்பாவை நிரப்ப உட்கார்ந்தோம். உன் அம்மா நெல்லைக் கொட்டி, நடுவில் கேழ்வரகை வட்டமாகப் போட்டு, பானையைப் புதைத்தாள். வைக்கோலைச் சின்னச் சின்னதாக நறுக்கினாள். அழகாகத்தான் வந்திருக்கிறது, அவள் கை வைத்தால் எதுவும் அழகாக வரும். எல்லாம் முடிந்ததும் தன் தையல் டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுத்தாள். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, என் கையில் வைத்து, "ஆடா மாடா?" என்றாள். தடவினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை தினேஷ். சர்க்கரையில் விரல் நுனி மரத்துப்போய் இரண்டு வருஷமாகிறது, கம்பெனியில் நிற்க முடியாமல் போனதே அதனால்தான், உன்னிடம் வயதாகிவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தேன். மாடு என்றேன், குத்துமதிப்பாக. "மாடாம். கண்ணத் தெறந்து பாரு" என்றாள். ஆட்டுத் தோல், உள்ளங்கை அகலம். ஒரு ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடம். உன் பால் பல். இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போன கால்சட்டையைத் துவைக்கும்போது பையில் இருந்ததாம். அன்று நான் கையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே அறையில் நீ இதைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். பெட்டியைக் கொட்டிவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது இவள் இதை ஒளித்துவிட்டாள். இத்தனை வருஷம் எனக்குக்கூடத் தெரியவிடவில்லை.

நான் டப்பாவில் தோல் எதுவும் வைக்கவில்லை. நீ வேண்டாம் என்று எழுதிவிட்டாய், நானும் மதித்துவிட்டேன். வைத்தது உன் அம்மா. நெல்லை விலக்கி, அடி மட்டத்தில் அதை வைத்து, மேலே மூடித் தட்டிவிட்டாள். "ஸ்மெல் வரும்னு எழுதியிருக்கானே" என்றேன். "வரட்டுமே. மோந்து பாக்கத்தானே டப்பா கேட்டாங்க" என்றாள். நான் எடுத்து வெளியே போடவில்லை. நீ எடுத்துவிடலாம், கார் கதவைச் சாத்தியதும் கையை விட்டுத் துழாவினால் கிடைத்துவிடும், சுகன்யா கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். எடுக்காமல் விட்டால் தியா எடுப்பாள். பிள்ளைகள் அடிவரை துழாவாமல் விடாது, நீ விட்டதில்லை. எடுத்துக்கொண்டு வந்து உன் கையில் வைத்து, இது என்னப்பா என்று கேட்பாள். நீ பார்க்கவேண்டிய அவசியமே இருக்காது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் உன் விரலுக்கு அது என்னவென்று தெரியும், என்னுடையது மரத்துவிட்டது, உன்னுடையது மரத்திருக்காது. வாய் என்ன சொல்லப்போகிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. விரலுக்கு நான் உண்மையைச் சொல்லிக்கொடுத்தேன், வாய்க்குத்தான் மற்றதைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடை வாசலில் நிற்கிறேன். டப்பா கனமாக இருக்கும், இரண்டு கையையும் முன்னால் நீட்டி வாங்கிக்கொள்.

உன் நைனா